நாலு காம்பு, ஐந்து பிரமுகர்

கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டவர் யாரைப் பார்த்தாலும் எனக்கு ஓடி ஒளியத் தோன்றும். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில் என் மாட்டுக் கொட்டாய் இருக்கிற இடம் அப்படி. பெரிய மின்கம்பிகள் போகிற பாதைக்குக் கீழே, வீடு கட்டக் கூடாத, மரம் நடக் கூடாத, சட்டத்தை விரித்துப் படித்தால் நின்று மூச்சு விடவும் கூடாத அரசாங்க நிலம் அது. ஆனால் புல் நன்றாக வளரும். புல் இருக்கிற இடத்துக்கு மாடு போகும், மாடு போகிற இடத்துக்கு நான் போவேன். இந்த நியாயம், கொட்டாயை இடிக்க வருகிற நகராண்மைக் கழகத்து லோரிக்குப் புரியாது. அதனால் மண் பாதையில் ஒரு வெள்ளைக் கார் திரும்பினாலே நான் அறுத்துப் போட்ட புல்லுக்குப் பின்னால் போய்விடுவேன். என் மனைவி இராஜம்மா முன்னால் போய் நிற்பாள். எங்கள் வீட்டில் வேலைப் பங்கீடு அப்படி.

எங்கள் மாடுகளில் உஷாராணிதான் கறவையில் முதல். பெயர் வைத்தவள் இராஜம்மா. பள்ளிக்கூடத்தில் அவளைப் பிரம்பால் அடித்த ஆசிரியையின் பெயராம். அந்தப் பெயரைக் கொட்டாயில் கட்டிப்போட்டு வைத்திருப்பதில் ஒரு திருப்தி என்பாள். ஆனால் தவிட்டில் ஒரு பிடி கூடுதலாக விழுவதும் அதே உஷாராணிக்குத்தான்.

ஒருநாள் விடியற்காலை கறக்க உட்கார்ந்தபோது உஷாராணி உதைத்தாள். அவள் உதைக்கிற மாடு இல்லை. தொட்டுப் பார்த்தேன். மடியில் பின்பக்கத்து வலது காம்பும் அதைச் சுற்றிய இடமும் மட்டும் இறுகிப்போய்ச் சுட்டது. பீய்ச்சினால் பால் திரிந்து, துணுக்குத் துணுக்காக விழுந்தது. மடிநோய்.

டாக்டர் பாத்திமாவைக் கூப்பிட்டோம். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர். கிள்ளானில் ஒரு கிளினிக்கில் நாய்க்கும் பூனைக்கும் வைத்தியம் பார்க்கிறார். மாடு என்று சொன்னால் மட்டும் கண்கள் விரிய ஓடி வருவார்.

"ஆரம்பம்தாண்ணே," என்றார் மடியைத் தடவிப் பார்த்துவிட்டு. "காய்ச்சல் இல்ல, நல்லா திங்கிறா. அந்தக் காம்பை அடிக்கடி கறந்து வெளிய கொட்டுங்க, உள்ள தங்கவே கூடாது. எங்க ஊர்ல சோத்துக் கத்தாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூணையும் அரைச்சு மடியில பூசுவாங்க. அதையும் செய்ங்க. ஆனா ஒண்ணு. காய்ச்சல் வந்தாலோ, தீனிய விட்டாலோ, பால் தண்ணியா வந்தாலோ உடனே எனக்குப் போன் பண்ணணும். அப்புறம் இலை தழையெல்லாம் பத்தாது, ஊசிதான். தள்ளிப் போட்டா காம்பு போயிரும். சமயத்துல மாடே போயிரும்."

கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பு.

கற்றாழைக்குப் பஞ்சமில்லை, பக்கத்துத் தாமான் வீடுகளில் தொட்டி தொட்டியாக வளர்க்கிறார்கள். இராஜம்மா அரைத்தாள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்ததும் கலவை ஆரத்தித் தண்ணீர்போலச் சிவந்தது. கறப்பதும் கழுவுவதும் பூசுவதுமாக நாளெல்லாம் அதே வேலை. இரண்டாம் நாள் இறுக்கம் கொஞ்சம் இளகியது. உஷாராணி உதைக்கவில்லை. நான் கொஞ்சம் சாப்பிட்டேன்.

அதோடு விட்டிருந்தால் நானும் மற்றவர்களைப்போல அமைதியாகப் பயந்துகொண்டே வாழ்ந்திருப்பேன். ஆனால் எங்களிடம் பால் வாங்குகிற குரு என்ற டியூஷன் வாத்தியார் சிவந்த மடியைத் தன் போனில் படம் பிடித்து, 'உலகம் வியக்கும் தமிழர் மருத்துவம்' என்று தலைப்பு வைத்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார். உலகம் வியந்ததா என்று தெரியவில்லை. தலைநகரத்துப் பிரிக்பீல்ட்ஸ் வியந்துவிட்டது.

வெள்ளைக் கார் வந்தது. நான் புல்லுக்குப் பின்னால் போனேன்.

"அண்ணே, வெளிய வாங்க. கால் தெரியுது," என்றது ஒரு குரல்.

வெளியே வந்தேன். கழுத்தில் அட்டை, கையில் கோப்பு, காலில் வெள்ளை ஷூ. கிள்ளான் பள்ளத்தாக்குப் பாரம்பரியக் கால்நடை மூலிகை மருத்துவப் பாதுகாப்பு மற்றும் பரவலாக்கப் பேரவையின் செயலாளர் சிவநேசன் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். அவர் சொல்லத் தொடங்கியபோது சாணி போட ஆரம்பித்த உஷாராணி, அவர் சொல்லி முடிப்பதற்குள் போட்டு முடித்துவிட்டாள்.

"உங்க மாட்டைப் பேரவையோட முன்னோடிப் பசுவா தேர்ந்தெடுத்திருக்கோம்," என்றார். "ஞாயித்துக்கிழமை பிரிக்பீல்ட்ஸ்ல திறப்பு விழா. நம்ம தலைவர், பட்டம் வாங்கின டத்தோ கார்த்திகேசு, தன் கையாலயே மடியில மருந்து பூசி இயக்கத்தைத் தொடக்கி வைக்கிறாரு."

"நாங்களே பூசிக்கிட்டுத்தானே இருக்கோம்," என்றாள் இராஜம்மா.

"அதைத்தான் நிறுத்தணும் அக்கா. ஞாயித்துக்கிழமை வரைக்கும் மாடு நோயாவே இருக்கணும். இப்பவே நல்லாயிருச்சுன்னா டத்தோ வந்து எதைக் குணப்படுத்துவாரு? ஊசியும் கூடாது. ஊசி போட்ட மாட்டை மேடையில ஏத்தினா நம்ம முன்னோர் மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

"முன்னோருக்கா மடி வலிக்குது?" என்றாள் இராஜம்மா.

சிவநேசன் மெதுவாகத் தலையைத் தூக்கி மின்கம்பிகளைப் பார்த்தார். பிறகு கொட்டாயின் தகரக் கூரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது யாரு நிலம், அண்ணே?"

நான் புல்லின் பக்கமாக ஓர் அடி பின்வாங்கினேன்.

"சும்மா கேட்டேன் லா. பயப்படாதீங்க. நம்ம டத்தோவுக்கு எல்லா ஆபீஸ்லயும் ஆள் தெரியும்."

அந்தப் பேச்சில் ஆறுதல் எத்தனை பங்கு, மிரட்டல் எத்தனை பங்கு என்று இன்றுவரை எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. சரி என்று தலையாட்டினேன். அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டிருந்ததாக இராஜம்மா சொன்னாள்.

தினமும் மடியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார். அந்தக் கலவை பூசினால் சிவப்பு எளிதில் போகாது, படத்தில் தெரிந்துவிடும். அதனால் பூசுவதை நிறுத்தினேன். இராஜம்மா என்னைப் பேசாத பேச்சு இல்லை. கறப்பதை மட்டும் அவள் விடவில்லை. அது படத்தில் தெரியாதாம். ஆனாலும் இளகியிருந்த இடம் மறுபடியும் இறுக ஆரம்பித்தது. டாக்டர் பாத்திமா போன் செய்தபோதெல்லாம் "பரவால்ல டாக்டர்" என்று சொல்லி வைத்தேன். பயந்தவன் வாயில் பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது!

விழாவுக்கு முன்பு பேரவையின் செயற்குழு கூடியது. பயனாளி என்ற முறையில் என்னையும் வரச் சொன்னார்கள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடையின் மாடி. சுவரெல்லாம் பொன்னாடை போர்த்திய படங்கள். ஒரு படத்திலாவது மாடு இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். மாடி என்பதால் ஏற்றியிருக்க மாட்டார்கள் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

அன்றைய பொருள், காம்பு ஒதுக்கீடு.

பசுவுக்குக் காம்பு நாலு. மருந்து பூச வேண்டிய பிரமுகர்கள் ஐந்து பேர். தலைவர், துணைத்தலைவர், பொருளாளர், மகளிர் பிரிவுத் தலைவி, இளைஞர் பிரிவுத் தலைவர். பேரவை இதுவரை சந்தித்த சிக்கல்களிலேயே இதுதான் கடினமானது என்று செயலாளர் முன்னுரையில் சொன்னார். கேமரா மாட்டின் இடப் பக்கம் நிற்பதால் முன்பக்கத்து இடது காம்பு தலைவருக்கு என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. பின்பக்கத்து இடது காம்பு துணைத்தலைவருக்கு. பொருளாளர் தனக்கு வலது காம்பு ஒதுக்கப்பட்டதை எதிர்த்து எழுந்து, தாம் பேரவைக்கு உழைத்த உழைப்புக்கு இதுதான் மரியாதையா என்று கேட்டுக் கண் கலங்கினார். உட்காரவைத்து மைலோ கலக்கிக் கொடுத்தார்கள். மகளிர் பிரிவுத் தலைவிக்குக் காம்பு மிஞ்சவில்லை. அவர் பசுவின் நெற்றியில் மருந்தைப் பொட்டாக வைப்பார் என்று முடிவானது. பெண்களுக்கு நெற்றியே தந்திருக்கிறோம் என்று டத்தோ பெருமிதப்பட்டார், கைதட்டினார்கள். கடைசியில் பின்பக்கத்து வலது காம்பு, கூட்டத்துக்கே வராத இளைஞர் பிரிவுத் தலைவர் அஸ்வினுக்குப் போனது.

நான் கையைத் தூக்கினேன்.

"ஐயா, நோய் அந்தப் பின்பக்கத்து வலது காம்புலதான் இருக்கு. மத்த மூணும் நல்லாத்தான் இருக்கு."

நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதுபோல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அப்படின்னா நோய இந்தப் பக்கம் மாத்த முடியாதா?" என்று கேட்டார் துணைத்தலைவர்.

"முடியாதுங்க."

டத்தோ கார்த்திகேசு கண்ணை மூடிச் சிந்தித்தார். "இருக்கட்டும். இளைஞர்கள்தான் நாட்டின் எதிர்காலம். நோயை எதிர்காலத்திடம் ஒப்படைப்போம்," என்றார். அதை அப்படியே குறித்துக்கொண்டார்கள்.

அடுத்தது மருந்து. நான் கொண்டுபோயிருந்த கலவையைத் தட்டில் வைத்ததும் செயலாளர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

"சிவப்பா இருக்கே!"

சிவப்பு, உண்மைப் பேரவையின் நிறம். பேரவையிலிருந்து பிரிந்து போனவர்கள் இரண்டு கட்டடம் தள்ளி அதே பெயரின் முன்னால் 'உண்மை' என்று சேர்த்து நடத்துகிற சங்கம் அது. இவர்களுடைய நிறம் மஞ்சளும் பச்சையும். டத்தோ சிவப்பைப் பூசுகிற படம் வெளியே போனால் பேரவையே கைமாறிவிட்டதாக ஊர் நினைக்கும். சுண்ணாம்பு சேர்ந்தால்தான் சிவக்கும் என்று நான் விளக்கினேன். ஆகவே சுண்ணாம்பு நீக்கப்பட்டது. மஞ்சள் மட்டும் இருந்தால் டத்தோவின் பட்டு ஜிப்பாவில் கறை படியும் என்று மகளிர் பிரிவுத் தலைவி எச்சரித்தார். மஞ்சள் நீக்கப்பட்டது. கற்றாழையைத் தொட்டுப் பார்த்த பொருளாளர் முகத்தைச் சுளித்து, கையைத் திரைச் சீலையில் துடைத்துக்கொண்டார். கற்றாழையும் நீக்கப்பட்டது. மூன்று மருந்துப் பொருள்களையும் நீக்கிய பிறகு தட்டு காலியாக இருந்தது. அதில் சந்தனம் வைப்பது என்று ஏகமனதாக முடிவாகி, பாரம்பரியம் காக்கப்பட்டதில் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

நான் மட்டும் ரயிலில் வீடு வரும் வரை மூச்சு விட்டதாக ஞாபகம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை உஷாராணி தீனியைத் தொடவில்லை. தவிட்டைக் கையில் எடுத்து வாயருகே கொண்டுபோனேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காதைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது, உடம்பு கொதித்தது. அந்தக் காம்பைப் பீய்ச்சினேன். பால் வரவில்லை. வெளிறிய தண்ணீர் வந்தது, அதில் லேசாகச் சிவப்பு.

டாக்டருக்குப் போன் செய்தேன். நடந்ததையெல்லாம் உளறிக் கொட்டினேன்.

"அண்ணே, நான் ரவாங்ல இருக்கேன், கிளம்பிட்டேன். மாட்டை எங்கயும் ஏத்தாதீங்க. கறந்துகிட்டே இருங்க."

போனை வைப்பதற்குள் பேரவையின் லோரி வந்துவிட்டது. இரண்டு பக்கமும் டத்தோவின் படம். இராஜம்மா பால் ஊற்றக் கிள்ளானுக்குப் போயிருந்தாள். அவள் இருந்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். நான் சிவநேசனிடம் மாட்டுக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். டாக்டர் ஏற்றக் கூடாது என்று சொன்னதையும் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவர் தலையைத் தூக்கி மின்கம்பியைப் பார்த்தார். அவ்வளவுதான். நானே உஷாராணியின் கயிற்றைப் பிடித்து லோரியில் ஏற்றினேன்.

பெடரல் சாலை நெடுக லோரியின் பின்னால் அவளோடு நின்றுகொண்டு வந்தேன். கறக்கப் போனால் உடன் வந்த தொண்டர் தடுத்தார். மடி நிறைந்திருந்தால்தான் படம் நன்றாக வருமாம். உஷாராணி என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். மாடு அப்படிச் செய்தால் பாசம் என்பார்கள். அது பாசம் இல்லை, நிற்க முடியவில்லை. எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் காரில் வந்த ஒரு குடும்பம் எங்களைப் பார்த்துக் கை ஆட்டியது.

டாக்டர் பாத்திமாவுக்கு விழா நடக்கும் இடத்தைத் தட்டித் தட்டி அனுப்பினேன். மூன்று தடவை தப்பாகப் போனது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு குறுக்குத் தெருவை அடைத்துக் கூடாரம் போட்டிருந்தார்கள். மேடை, சிவப்பு இல்லாத கம்பளம், குத்துவிளக்கு. உஷாராணியை மேடையேற்றி, மடிக்கு மஞ்சளும் பச்சையுமாக ஒரு சாட்டின் உறை மாட்டி, ரிப்பன் கட்டினார்கள். டத்தோ ரிப்பனை வெட்டி உறையை விலக்குவார். பிறகு காம்புகளுக்குத் தகுதி வரிசைப்படி சந்தனம் பூசப்படும். அதுவரை மடியை யாரும் தொடக் கூடாது. டத்தோ வந்துவிட்டார். அஸ்வின் வரவில்லை. அவர் ஷா ஆலமிலிருந்து புறப்பட்டு நெரிசலில் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஒரு காம்புக்கு ஆள் இல்லாமல் விழாவைத் தொடங்கினால் இளைஞர் பிரிவு கோபித்துக்கொண்டு உண்மைப் பேரவைக்குப் போய்விடும். ஆகவே பேச்சுகளை நீட்டச் சொன்னார்கள். நீட்டச் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை.

டாக்டர் பாத்திமா கையில் பையோடு ஓடி வந்தது தெரிந்தது. வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

"உங்க பேரு விருந்தாளி லிஸ்ட்ல இல்லையே, ஆன்டி."

"நான் மாட்டு டாக்டர்! அந்த மாட்டுக்குக் காய்ச்சல்!"

"மருத்துவர்களுக்கு மூணாவது வரிசை, ஆன்டி. உக்காருங்க. தண்ணி போத்தல் வேணுமா?"

டத்தோ மைக்கைப் பிடித்தார்.

"மாண்புமிகு பெரியோர்களே, தாய்மார்களே! எனக்கு மாடுகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால்தான் என்னால் நடுநிலையோடு இந்தப் பேரவையை வழிநடத்த முடிகிறது. நான் வீட்டில் பாதாம் பால்தான் குடிக்கிறேன். ஆகவே எனக்கு இதில் எந்தச் சுயநலமும் கிடையாது. சிலர் கேட்கிறார்கள், இத்தனை ஆண்டுகளில் பேரவை எத்தனை மாடுகளைக் குணப்படுத்தியது என்று. நான் திருப்பிக் கேட்கிறேன், இத்தனை ஆண்டுகளில் எங்களால் ஒரு மாட்டுக்காவது தொந்தரவு உண்டா?"

கைதட்டல் கூடாரத்தைத் தூக்கியது. உஷாராணியின் உடம்பு நடுங்கத் தொடங்கியது. அசை போடுவது நின்று வெகுநேரமாகிவிட்டது. தலை தொங்கியது, வாயிலிருந்து எச்சில் கம்பளத்தில் ஒழுகியது.

"நமது உஷாராணி அவர்கள் உணர்ச்சிவசப்பட்டு நிற்பதைக் காண்கிறோம்," என்றார் அறிவிப்பாளர்.

நான் சிவநேசனிடம் போனேன். "தம்பி, செத்துரும்ப்பா. கறக்க விடுப்பா."

"அஸ்வின் மிட்வேலி கிட்ட வந்துட்டாரு, பாஸ். பத்து நிமிஷம். அதுக்குள்ள செத்துராது லா. செத்தாலும் மத்தவங்ககிட்ட மூச்சு விடாதீங்க."

அப்போது உஷாராணியின் முன்னங்கால் மடங்கியது. விழவில்லை, மறுபடி ஊன்றிக்கொண்டாள். ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

எனக்கு வீரம் வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு பயம் இன்னொரு பயத்தை விடப் பெரிதாகிவிட்டது, வேறொன்றுமில்லை. நான் மேடையேறினேன். தட்டில் பூவின் நடுவே வைத்திருந்த கத்தரிக்கோலை எடுத்தேன். ரிப்பனை வெட்டினேன்.

டத்தோவின் வாய் 'பாரம்பரிய' என்ற இடத்தில் திறந்தபடி நின்றது. ஆனால் ரிப்பன் விழுந்ததைப் பார்த்த அறிவிப்பாளர், பல வருடப் பழக்கத்தில், "பலத்த கரவொலி எழுப்புவோம்!" என்று சொல்லிவிட்டார். ஜனங்களும் பழக்கத்தில் தட்டிவிட்டார்கள்.

அந்தக் கைதட்டலுக்குள் நான் உறையைப் பிய்த்துப்போட்டு உட்கார்ந்து, பின்பக்கத்து வலது காம்பைப் பிடித்துப் பீய்ச்சினேன். கெட்ட வாடையோடு சிவந்த தண்ணீர் கம்பளத்தில் பீறிட்டது. டத்தோவின் வேட்டியிலும் கொஞ்சம் தெறித்தது.

"சிவப்பு!" என்று யாரோ அலறினார். "உண்மைப் பேரவைக்காரன்! அவனுங்கதான் ஆளை அனுப்பிட்டானுங்க!"

பொருளாளர் நாற்காலியைத் தூக்கினார். துணைத்தலைவர் பொருளாளரின் பின்னால் ஒளிந்தார். முதுகில் என்ன விழப்போகிறதோ என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு பீய்ச்சினேன், நிறுத்தவில்லை. அந்தக் களேபரத்தில் மூன்றாவது வரிசையிலிருந்து டாக்டர் பாத்திமா மேடைக்கு வந்துவிட்டார். ஊசி உஷாராணியின் கழுத்தில் இறங்கியது.

"ஊசியப் படம் எடுக்காதீங்க! ஊசியப் படம் எடுக்காதீங்க!" என்று சிவநேசன் கேமராவின் முன்னால் இரண்டு கையையும் விரித்து ஓடினார்.

டத்தோ மட்டும் தடுமாறவில்லை. தலைவர் என்றால் தலைவர்தான். "ஆகவே பாரம்பரிய மருத்துவம் வென்றே தீரும்," என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

உஷாராணி பிழைத்தாள். பல நாள் ஊசி, பல நாள் கஞ்சி. பின்பக்கத்து வலது காம்பு மட்டும் வற்றிவிட்டது. இனி அதில் பால் வராது என்று டாக்டர் சொன்னார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இராஜம்மா என்னோடு பேச மறுத்துவிட்டாள், உஷாராணியோடு மட்டும் பேசினாள்.

அந்த வாரமே பத்திரிகையில் செய்தி வந்தது. 'டத்தோவின் மூலிகைச் சிகிச்சையில் பசு பூரண குணம்'. படத்தை இடப் பக்கத்திலிருந்து எடுத்திருந்தார்கள். சிவநேசன் மறுபடியும் வந்தார். என்மேல் பேரவைக்குக் கோபமே இல்லையாம். என்னைப் பேரவையின் மடிப் பிரிவுக்குச் சிலாங்கூர் மாநிலத் தலைவராக நியமித்திருக்கிறார்களாம். பதவியில் இருப்பவர் வெளியே எதுவும் பேச மாட்டார் அல்லவா? கழுத்தில் மாட்டிக்கொள்ள எனக்கும் ஒரு அட்டை தந்தார். நான் தயங்கியபோது அவர் தலையைத் தூக்கி மேலே பார்த்தார். வாங்கிக்கொண்டேன். மறுக்கிற தைரியம் இருந்திருந்தால் என் மாடு நாலு காம்போடு இருந்திருக்கும்.

அட்டையைக் கொட்டாயில் ஆணியில் மாட்டினேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் புல்லுக்குப் பின்னால் போகத் தோன்றியது.

ஒரு மத்தியானம் போன் வந்தது. தெரியாத எண்.

"மடிப் பிரிவுத் தலைவருங்களா? வணக்கம் அண்ணே. நான் செமினியிலருந்து பக்கிரிசாமி பேசுறேன். ரெண்டு மாடு வெச்சிருக்கேன் அண்ணே. ஒண்ணுக்கு மடி வீங்கிருச்சு. பேரவைக்குப் போன் பண்ணேன். அது பாரம்பரியப் பிரச்சனை, மாநிலத் தலைவர் வந்து தொடக்கி வெக்கணும், அதுவரைக்கும் கை வெக்காதேன்னுட்டாங்க. நீங்க எப்ப வருவீங்கன்னு..."

அந்தப் பயந்த குரல் என் குரல்தான், வேறொருவர் வாயில்.

"எத்தனை நாளா காத்திருக்கீங்க?"

"நாலு நாள் அண்ணே. காலையிலருந்து தீனி எடுக்கல. கறக்கலாம்னு பாத்தேன், பயமா இருந்துச்சு. என் கொட்டாய் ஆத்தோரத்துல இருக்கு அண்ணே. கவர்ன்மென்ட் ரிசர்வ் நிலம். அவங்க கேட்டாங்க, இது யாரு நிலம்னு..."

அதற்கு மேல் கேட்க முடியவில்லை. எழுந்து நின்றேன். டத்தோவைப்போலத் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"பக்கிரிசாமி, கவனமாக் கேளுங்க. சிலாங்கூர் மாநில மடிப் பிரிவுத் தலைவர் என்ற முறையில், உங்கள் பசுவின் சிகிச்சையை இந்த நிமிடம் நான் அதிகாரபூர்வமாகத் தொடக்கி வைக்கிறேன். தொடக்கியாச்சு."

"போன்லயேவா அண்ணே?"

"போன்லயேதான். இப்ப போய்க் கறங்க. போனை வெக்காதீங்க, பக்கத்துல வெச்சுக்குங்க."

காலடிச் சத்தம் கேட்டது. ஒரு வாளி உருண்டது. மாடு ஒன்று அடித்தொண்டையில் முனகியது. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். இராஜம்மா தவிட்டுக் கையோடு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"எப்படி வருது?" என்று கேட்டேன்.

வாளியில் பீய்ச்சுகிற சத்தம் கேட்டது.

"தண்ணியா வருது, அண்ணே."

"சரி. டாக்டர் நம்பர் தரேன், எழுதிக்குங்க. ஊசி போடற டாக்டர்."

நம்பரைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டதாகத் தெரியவில்லை, அழுகிற சத்தம்தான் கேட்டது. முதல் எண்ணிலிருந்து மறுபடியும் மெதுவாகச் சொன்னேன்.